காலும் கையும் படிக்கட்டும்

இந்த மாதப் பாடம்: ஓடி, குதித்து, கைதட்டி பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுப்பது எப்படி?



நம்ம குழுக் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்த பிறகு, எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு பேச்சு வரும். அது பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சு. "மூணாப்பு படிக்கான், இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியல" என்பார் ஒரு அம்மா. "எக்கா, எனக்கே கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், நான் எங்க பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்க?" என்பார் இன்னொருவர். "டியூசனுக்கு மாசம் ரூபாய் குடுக்கேன், சாயங்காலம் ஆனா பய தெருவுல குதிச்சிக்கிட்டுத்தான் கிடக்கான்" என்பார் மூன்றாவது ஆள்.

இந்த மாதப் பாடம் அந்த மூன்று பேருக்கும்தான். தெருவில் குதிக்கிற அந்தக் குதியையே படிப்பாக மாற்றலாம். அதற்கு அம்மா பெரிய படிப்பு படித்திருக்க வேண்டியதில்லை. பெரிய செலவும் கிடையாது. ஆனால் முறை தெரிந்து, வாரம் தவறாமல் செய்ய வேண்டும்.

ஏன் இதைப் பற்றிப் பேச வேண்டும்?

ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள காலம் வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிற மாதிரி. எழுத்தும் எண்ணும் அப்போது பிடிபடாவிட்டால், நாலாவது, ஐந்தாவது வகுப்புப் புத்தகம் பிள்ளைக்குப் புரியாது. புரியாத பிள்ளை வகுப்பில் வாய் திறக்காது. வாய் திறக்காத பிள்ளை மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்தை வெறுக்கும். பெண் பிள்ளையாக இருந்தால் "படிப்பு ஏறல, வீட்டுல இருந்து பீடி சுத்தட்டும்" என்று முடிவாகிவிடும். அதன் பிறகு சீக்கிரமே கல்யாணப் பேச்சும் வந்துவிடும். இது நமக்குத் தெரியாத கதை இல்லை.

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய ஆரம்பப் பள்ளிகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் வகுப்பறையைப் பார்க்கவில்லை. அந்த இடைவெளியை அடைக்க 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. நம்மைப் போன்ற பெண்கள் ஏராளமானோர் தன்னார்வலர்களாக வந்து, தெருவிலும் திண்ணையிலும் சாயங்காலம் பாடம் நடத்தினார்கள். 2022 ஜூன் மாதம் 1 முதல் 3 வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்பப் பிரித்து, பாட்டு, கதை, விளையாட்டு மூலம் சொல்லிக்கொடுக்கும் முறை அது. அதற்கும் முன்பே, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரவிய 'செயல்வழிக் கற்றல்' பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து இறக்கிப் பாயில் உட்காரவைத்து, அட்டைகளை எடுத்துத் தானே செய்து படிக்க வைத்தது.

ஆக, "விளையாடினா படிப்பு கெட்டுப்போகும்" என்பது பழைய எண்ணம். பிள்ளை கையும் காலும் அசைத்துப் படிக்க வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடமே ஏற்றுக்கொண்டு பல வருஷம் ஆகிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டமும், செயல்பாடு மூலமும் தானே கண்டறிவதன் மூலமும் பிள்ளை கற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

இது நமக்குப் புதுசு இல்லை

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, சத்தம் போட்டுச் சொல்லிப் படித்தார்கள். விரல், காது, வாய் மூன்றும் சேர்ந்து வேலை செய்தன. சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்கு 1789-ல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். 1797-ல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தத் திண்ணையில் பெண் பிள்ளைகளுக்கும், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இடம் இல்லை. மணல் எல்லாருக்கும் பொது, எழுத்து மட்டும் சிலருக்கு என்று இருந்தது. நாம் இன்று தெருவில் போடும் கட்டம் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

இத்தாலியைச் சேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவிப் பார்ப்பது, தரையில் போட்ட கோட்டின் மேல் நடப்பது எல்லாம் அவர் முறையில் உண்டு. திருநெல்வேலியில் படித்த நம் பாரதியார் பாப்பா பாட்டில் காலைக்குப் படிப்பு, மாலைக்கு விளையாட்டு என்று நேரம் பிரித்துக் கொடுத்தார். நாம் இந்தப் பாடத்தில் அந்த இரண்டையும் வாரத்தில் சில நாள் மட்டும் ஒன்றாகக் கலக்கிறோம்.

உண்மையில் பலன் உண்டா?

கேட்க வேண்டிய கேள்விதான். நெதர்லாந்து நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 12 ஆரம்பப் பள்ளிகள், இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 499 பேர். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான பாடம். மறுபாதிப் பேருக்கு வாரம் 3 தடவை, 20 முதல் 30 நிமிஷம், உடம்பை அசைத்துக் கணக்கும் மொழியும். நாலு ரெண்டு எவ்வளவு என்று கேட்டால் வாயால் மட்டும் சொல்லக் கூடாது, 8 தடவை குதிக்க வேண்டும். எழுத்துக் கூட்டும்போது எழுத்துக்கு ஒரு குதி. இப்படி வருஷத்துக்கு 22 வாரம், இரண்டு வருஷம் நடந்தது.

2016-ல் முடிவு வெளிவந்தது. குதித்துப் படித்த பிள்ளைகள் கணக்கிலும், பிழையில்லாமல் எழுதுவதிலும் மற்றவர்களைவிட ஏறக்குறைய 4 மாதப் படிப்பு முன்னால் இருந்தார்கள். ஆனால் வாசிப்பில் இரண்டு பக்கமும் ஒரே நிலைதான்.

இதில் நமக்கு மூன்று பாடம் இருக்கிறது. முதலாவது, குதித்ததால் படிப்பு குறையவில்லை, கூடியது. இரண்டாவது, ஒரு நாள் ஆட்டத்தில் வந்த பலன் இல்லை இது, விடாமல் இரண்டு வருஷம் செய்ததால் வந்தது. நம்ம சந்தாவும் அப்படித்தானே? வாராவாரம் கட்டினால்தான் கடன் கேட்கிற தகுதி வரும். மூன்றாவது, வாசிப்பு குதித்தால் வராது. பிள்ளையை உட்காரவைத்துப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வைக்கிற வேலை தனியாக இருக்கவே இருக்கிறது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2009-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், 9, 10 வயதுப் பிள்ளைகள் 20 நிமிஷம் நடந்துவிட்டு வந்தபோது, சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிடக் கவனச் சோதனையை நன்றாகச் செய்தார்கள். அதனால் ஆட்டம் முடிந்த கையோடு வாசிக்க உட்காரவைப்பது நல்ல பழக்கம்.

என்னென்ன வேண்டும்?

கோலமாவு அல்லது சாக்பீஸ். அதுவும் இல்லையென்றால் செங்கல் துண்டு, கரித்துண்டு. கொஞ்சம் புளியமுத்து. நாலு தேங்காய்ச் சிரட்டை. ஒரு பழைய கயிறு. வண்டி வராத ஒரு தெரு, அல்லது கோயில் முன்னால் உள்ள இடம், அங்கன்வாடி வாசல். அவ்வளவுதான்.

ஆட்டம் 1: எண் பாதை (கூட்டல், கழித்தல்)

தெருவில் நீளமாகக் கட்டம் போட்டு 0 முதல் 20 வரை எழுதுங்கள். பிள்ளையை 7-ல் நிற்க வையுங்கள். "7-ஓட 5 கூட்டு" என்றால் முன்னால் 5 குதி. வந்து நிற்கிற கட்டம் 12. "12-ல 4 போச்சு" என்றால் பின்னால் 4 குதி. நிற்கிற இடம் 8.

இதில் எல்லாப் பிள்ளையும் செய்கிற ஒரு தப்பு உண்டு. நிற்கிற கட்டத்தையே "ஒண்ணு" என்று எண்ணிவிடும். 6-ல் நின்று 3 கூட்டச் சொன்னால் 8-ல் போய் நிற்கும். திட்ட வேண்டாம். "காலைத் தூக்கி வச்சாத்தான் ஒண்ணு" என்று சொல்லி மறுபடி செய்ய வையுங்கள். விரலில் எண்ணும்போதும் பிள்ளை இதே தப்பைத்தான் செய்யும். ஆனால் விரலில் அது நம் கண்ணுக்குத் தெரியாது. தெருவில் தெரிந்துவிடும்.

நாலு நாள் போன பிறகு, குதிக்கும் முன்னால் "எங்க போய் நிப்ப?" என்று கேளுங்கள். முதலில் மனதில் கணக்கு, பிறகு காலில் சரிபார்ப்பு. இதுதான் முக்கியமான படி. இதை விட்டுவிட்டால் வெறும் குதியாகப் போய்விடும்.

எழுதத் தெரியாத அம்மா இதை நடத்த முடியுமா? தாராளமாக. கட்டத்தில் எண் எழுத மூத்த பிள்ளை போதும். மடியில் சொளவை வைத்துப் பீடி சுத்திக்கொண்டே நம் பெண்கள் எண்ணாத எண்ணிக்கையா? கட்டு எண்ணுகிற அம்மாவுக்குக் குதி எண்ணத் தெரியும்.

ஆட்டம் 2: பெரிய தாவல், சின்னக் குதி (பத்து, ஒன்று)

34 எது, 43 எது என்று குழம்புகிற பிள்ளைகள் அதிகம். பத்துக்கு ஒரு பெரிய தாவல், ஒன்றுக்கு ஒரு சின்னக் குதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 34 என்றால் 3 பெரிய தாவல், 4 சின்னக் குதி. 43 என்றால் 4 பெரிய தாவல், 3 சின்னக் குதி. இரண்டு பிள்ளைகளை ஒரே கோட்டில் நிற்க வைத்து, ஒருத்தரை 34-ம் இன்னொருத்தரை 43-ம் போகச் சொல்லுங்கள். எது தூரம் போகிறது என்று எல்லாரும் பார்க்கட்டும். எந்த எண் பெரிது என்று அதன் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆட்டம் 3: வாய்ப்பாடு தட்டு

மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு இரண்டு கைதட்டு, ஒரு குதி. ஒண்ணு (தட்டு), ரெண்டு (தட்டு), மூணு (குதி). நாலு (தட்டு), அஞ்சு (தட்டு), ஆறு (குதி). குதிக்கிற எண்ணை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும்: 3, 6, 9, 12. நாலு குதி ஆனதும் நிறுத்தி, "எத்தன தடவ குதிச்ச? எங்க வந்து நிக்க?" என்று கேளுங்கள். நாலு மூணு பன்னிரண்டு என்பது அப்போது மனப்பாடமாக மட்டும் நிற்காது, கண்ணால் பார்த்த கணக்காகும். கும்மி அடிக்கிற நம் பெண்களுக்கு இந்தத் தாளம் சொல்லித்தர வேண்டுமா என்ன?

பிறகு 12 புளியமுத்தை நாலு சிரட்டையில் மும்மூன்றாகப் போட வையுங்கள். அதுவே வகுத்தல்.

ஆட்டம் 4: குறில் நெடில் நடை

தமிழில் குறில் எழுத்துக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. மாத்திரை என்றால் என்ன அளவு தெரியுமா? கண் இமைக்கிற நேரம், அல்லது விரலை நொடிக்கிற நேரம் என்று தொல்காப்பியம் சொல்கிறது. எழுத்தின் நீளத்தை உடம்பை வைத்தே அளந்த மொழி நம் மொழி.

அதையே ஆட்டமாக்குங்கள். குறிலுக்கு ஒரு சின்ன எட்டு. நெடிலுக்குக் கையை விரித்து ஒரு பெரிய எட்டு. புள்ளி வைத்த எழுத்துக்கு அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். 'கல்' என்றால் சின்ன எட்டு, நில். 'கால்' என்றால் பெரிய எட்டு, நில். பல் – பால், படம் – பாடம், விடு – வீடு, முடி – மூடி, எடு – ஏடு, கொடு – கோடு என்று ஜோடி ஜோடியாகச் சொல்லுங்கள். துணைக்கால் விட்டு எழுதுகிற பிள்ளைக்கும், கொம்பை மாற்றிப் போடுகிற பிள்ளைக்கும் இது நல்ல மருந்து. ஆடி முடித்ததும் அந்தச் சொற்களை மணலிலோ சிலேட்டிலோ கட்டாயம் எழுத வையுங்கள்.

ஆட்டம் 5: மூன்று வட்டம் (ல, ள, ழ)

தரையில் மூன்று பெரிய வட்டம் போட்டு ல, ள, ழ என்று எழுதுங்கள். ஒருவர் சொல்லைச் சொல்ல, பிள்ளைகள் சரியான வட்டத்துக்கு ஓட வேண்டும். நெல், வயல், முள், கிளி, வாழை, தமிழ். பழகிய பிறகு கடினமானதைக் கொடுங்கள்: வெல்லம் – வெள்ளம், புலி – புளி.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் பேச்சில் 'வாளப்பளம்' என்றுதான் வரும். அதனால் இந்த ஆட்டத்துக்கு மட்டும் சொல்லை வாசித்துச் சொல்ல, படிக்கிற மூத்த பெண் ஒருத்தியை வையுங்கள். அவளுக்கும் அது பெருமை. இதே ஆட்டத்தை ர – ற, ன – ண – ந எழுத்துகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டம் 6: தாமிரபரணி ஓட்டம் (சமூக அறிவியல்)

தெருவில் மேற்கே இருந்து கிழக்கே ஒரு ஆறு வரையுங்கள். மேற்கே பொதிகை மலை, கிழக்கே புன்னைக்காயல், மன்னார் வளைகுடாக் கடல். ஒரு பிள்ளை தாமிரபரணி. அவள் மலையிலிருந்து ஓடி வருவாள். வடக்குப் பக்கம் சேர்வலாறு, கடனாநதி, சிற்றாறு என்று மூன்று பிள்ளைகள். தெற்குப் பக்கம் மணிமுத்தாறு, பச்சையாறு என்று இரண்டு பிள்ளைகள். தாமிரபரணி ஓடி வர வர, முதலில் சேர்வலாறு, அடுத்து மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, கடைசியில் சிற்றாறு என்று ஒவ்வொருவராகக் கை கோத்துக்கொள்ள வேண்டும். கடலுக்குப் போகும்போது ஆறு பேர். துணையாறு என்றால் என்ன, ஆறு ஏன் போகப் போக அகலமாகிறது, வடக்கு எது, தெற்கு எது — எல்லாம் ஒரே ஓட்டத்தில் பிடிபடும்.

பெரிய பிள்ளைகளுக்கு எட்டு அணைக்கட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு இடத்தில் கயிறு அல்லது குச்சி போட்டு, தாண்டும்போது பெயர் சொல்ல வேண்டும்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். நம் வயலுக்கு எந்த அணைக்கட்டுத் தண்ணீர் வருகிறது என்று பிள்ளை வீட்டில் கேட்டு வரட்டும். தாத்தாவும் ஆச்சியும் அன்று வாத்தியார் ஆவார்கள்.

இந்த ஆட்டம் தெருவில்தான். நிஜ ஆற்றங்கரையில் வேண்டவே வேண்டாம்.

ஆட்டம் 7: நெஞ்சு எத்தனை தடவை தட்டுது? (அறிவியல்)

ஓடுவதற்கு முன்னால் மணிக்கட்டில் நாடி பிடித்து அரை நிமிஷம் எண்ண வையுங்கள். நேரம் பார்க்க செல்போன் இருக்கிறது. வந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் ஒரு நிமிஷத் துடிப்பு. தெருவை இரண்டு சுற்று ஓடிவிட்டு மறுபடி எண்ணட்டும். எவ்வளவு கூடியது, கழித்துப் பார்க்கட்டும். ஏன் கூடியது? ஓடுகிற காலுக்கு அதிக ரத்தம் தேவை, நெஞ்சு வேகமாக அனுப்புகிறது. அறிவியலும் கணக்கும் ஒரே ஆட்டத்தில் வந்துவிட்டன.

செய்யக் கூடாதவை

1. குதியைத் தண்டனை ஆக்காதீர்கள். தப்பாகச் சொன்ன பிள்ளைக்குத் தோப்புக்கரணம், ஓடவிடுவது என்று வைத்தால் பிள்ளைக்குக் கணக்கும் கசக்கும், உடற்பயிற்சியும் கசக்கும். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டிலும் அதே நியாயம்தான்.

2. யார் முதலில் வருகிறார்கள் என்ற போட்டி வேண்டாம். வேகமாக ஓடுகிற பிள்ளை எப்போதும் ஜெயிக்கும், யோசித்து ஓடுகிற பிள்ளை ஒதுங்கிவிடும். சரியான விடைக்குத்தான் கைதட்டு.

3. "பொம்பளப்பிள்ள இப்படிக் குதிக்கலாமா?" என்ற பேச்சே கூடாது. எட்டு வயதுப் பெண்ணை உட்காரச் சொல்கிற ஊர்தான் பிறகு அவளைப் பள்ளியிலிருந்தும் உட்காரச் சொல்லும். 5 முதல் 17 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளும், ஆணோ பெண்ணோ, தினமும் சராசரியாக 60 நிமிஷம் நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

4. நடக்க முடியாத, கண் பார்வை குறைந்த பிள்ளைகளை ஓரத்தில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்க விடாதீர்கள். குதிக்குப் பதில் கைதட்டு, சிரட்டைத் தட்டு, கயிற்றில் போட்ட முடிச்சைத் தடவி எண்ணுவது என்று அவர்களுக்கும் அதே பாடத்தைக் கொடுக்கலாம்.

5. வெறும் வயிற்றோடும், உச்சி வெயிலிலும் ஓடவிட வேண்டாம். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். முள், கண்ணாடித்துண்டு இருக்கிறதா என்று தெருவை முதலில் கூட்டிவிடுங்கள். மூச்சுத் தொந்தரவோ இதய நோயோ உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அரசுப் பள்ளிகளில் காலை உணவு சமைக்கிறவர்கள் நம் குழுச் சகோதரிகள்தான். பசியோடு வரும் பிள்ளை யார் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பிள்ளையைக் கவனியுங்கள்.

6. அங்கன்வாடி வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கைத் திணிக்க வேண்டாம். 3, 4 வயதில் "மேலே, கீழே, உள்ளே, வெளியே, பெரிசு, சின்னது" என்று சொல்லி ஆடினாலே போதும். அதுவே பின்னால் வரும் கணக்குக்கு வித்து.

நம் குழு எப்படித் தொடங்கலாம்?

ஒரு தெருவுக்கு 8 முதல் 12 பிள்ளைகள் போதும். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் 25 நிமிஷம் ஆட்டம், அடுத்த 15 நிமிஷம் உட்கார்ந்து எழுதுவதும் வாசிப்பதும். இரண்டு உறுப்பினர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பெண் ஒருத்தி துணைக்கு இருந்தால் நல்லது. ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம் மட்டும். அதையே இரண்டு வாரம் செய்யுங்கள். தினம் ஒரு புது ஆட்டம் என்றால் பிள்ளைக்கு ஆட்டம்தான் நினைவிருக்கும், பாடம் நிற்காது.

பலனை அளக்க ஒரு நோட்டு போடுங்கள். தொடங்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளையிடமும் 10 கணக்கு, 10 சொல் கேட்டு எத்தனை சரி என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே அளவு கடினமான கேள்விகளைக் கேட்டு எழுதுங்கள். சேமிப்பு நோட்டில் தொகை ஏறுவதைப் பார்க்கிற மாதிரி இதையும் பார்க்கலாம். ஏறாத பிள்ளையின் அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டாம்.

பள்ளிக்கூடத்திலும் நமக்கு இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் கேளுங்கள்: விளையாட்டுப் பீரியடை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்களா? விளையாட இடம் சுத்தமாக இருக்கிறதா? பெண் பிள்ளைகளும் விளையாடுகிறார்களா? சண்டையாகக் கேட்க வேண்டாம். "டீச்சர், நாங்க தெருவுல எண் பாதை போட்டிருக்கோம், பள்ளிக்கூடத் தரையிலயும் பெயிண்டுல வரைஞ்சு தரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஆசிரியர் வேண்டாம் என்பார்?

குழுவில் கலந்து பேசுங்கள்

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள்?

2. நாம் சின்ன வயதில் ஆடிய பாண்டி, பல்லாங்குழி, தாயம், கிளித்தட்டு ஆகியவற்றில் என்னென்ன கணக்கு இருக்கிறது? எதை இன்றைய பாடத்துக்குப் பயன்படுத்தலாம்?

3. நம் தெருவில் பிள்ளைகள் பயமில்லாமல் ஓடியாட இடம் எது? இல்லையென்றால் கிராம சபையில் யார் கேட்பது?

4. பெண் பிள்ளைகளை எந்த வயதில் விளையாட்டை நிறுத்தச் சொல்கிறோம்? ஏன்?

பேசி முடித்து, எந்தத் தெரு, எந்த நாள், யார் பொறுப்பு என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மூன்று மாதம் கழித்து நோட்டில் வந்த விவரத்தைப் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு அம்மாவின் பிள்ளை, அம்மா எண்ண எண்ணக் குதித்துக் கணக்குக் கற்றுக்கொண்டது என்ற செய்தி எந்தக் குழுவிலிருந்து வந்தாலும் அது நம் எல்லாருடைய சேமிப்புதான்.